பை கொண்டுவராத பெண்

எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் "சரிங்க" என்று சொல்லிவிடுவது ஷோபனாவின் பழக்கம். சொல்லும்போது இரண்டு கைகளும் தாமாகப் பின்னால் போய்க் கோத்துக்கொள்ளும். ரேஷன் கடைக்காரர் "இந்த மாசம் பருப்பு..." என்று ஆரம்பித்தால் போதும். பருப்பு வந்திருக்கிறதா இல்லையா என்று தெரியும் முன்பே இவள் "சரிங்க" என்றிருப்பாள். ஜீப் ஓட்டுகிறவர், ஊசி போட வரும் நர்சம்மா, மாமியார், எல்லோருக்கும் அதே பதில்தான். அவள் கணவன் கலையரசனுக்கு இது பெரிய வேடிக்கை.

"உன்ன கெணத்துல தள்ளப்போறேன்னு சொல்ல வாயத் தொறந்தாக்கூட நீ சரின்னுதான் சொல்லுவ" என்பான்.

"சரி, வந்து துன்னு" என்பாள் அவள்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். அந்தச் சொல் அவள் வாய்க்கு எங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்து சேர்ந்த இடத்தில் நானும் இரண்டு வருடம் அவள் பக்கத்துப் பாயில் படுத்திருந்தேன்.

ஷோபனா என் அத்தை மகள். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம் மட்டும்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஷோபனாவுக்கு ஊரில் ரேடியோ என்று பெயர். சாமை வயலில் நின்றுகொண்டு எதிர்ச் சரிவில் மாடு மேய்ப்பவர்களோடு சண்டை போடுவாள். மூப்பு இளமை பார்க்காமல் கேள்வி கேட்பாள். "இந்த வாய வச்சிகினு நீ எவன் வூட்ல வாழப்போற?" என்று வசந்தி அத்தை அவளைத் திட்டாத நாள் இல்லை.

ஐந்தாவது முடித்ததும் எங்கள் இருவரையும் சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காவலூர் போகும் சாலையில் இரண்டு ஓட்டுக் கட்டடங்கள், ஒரு சின்ன மாதா கோயில், சுற்றிலும் சுவர், ஒரு இரும்புக் கதவு. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு என்றாலும் மலையில் யாரும் அதைச் சொல்வதில்லை. பெண்பிள்ளைகள் மட்டும், பத்தாவது வரை. கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், வானத்தைப் பார்க்கிற அந்தப் பெரிய நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் ஷூ போட்டுக்கொண்டு காலையில் வந்து மாலையில் போவார்கள். விடுதியில் இருந்தவர்கள் எங்களைப் போன்ற மலை ஊர்ப் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் காபி எஸ்டேட் வேலைக்குக் கர்நாடகம் போகும்போது பெண்ணை விட்டுவிட்டுப் போக அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அந்தச் சுவரை நம்பித்தான் எங்களைச் சேர்த்தார்கள்.

குறை சொல்லக் கூடாது. சோறு இருந்தது, படுக்க இடம் இருந்தது, பாடம் நடத்த ஆள் இருந்தது. பெரிய சிஸ்டர் செலின் எந்தப் பிள்ளையையும் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. ஷோபனாவுக்கு அம்மை போட்டபோது தனி அறையில் அவளுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தவர் அவர்தான். ஆனால் அவருக்குச் சத்தம் ஆகாது. எங்களில் யாராவது சாப்பாட்டு அறையில் குரல் உயர்த்தினால் "இது காடா?" என்று கேட்பார். அவ்வளவுதான். வெளியூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மலைப் பிள்ளைகளுக்கு முகம் செத்துவிடும். திருப்பிக் கேள்வி கேட்டால் மாதா சிலைக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும். "எதிர்த்துப் பேசற வாய்க்குப் படிப்பு நிக்காது" என்று மெதுவாக, கோபமே இல்லாமல் சொல்வார்.

முதல் வருடம் எல்லோரையும்விட அதிகமாக முழங்கால் போட்டவள் ஷோபனா. ஜபத்தின்போது ஏன் கண்ணை மூட வேண்டும், சோப்பை ஏன் நூல் வைத்து இரண்டாக வெட்டிக் கொடுக்கிறீர்கள், வெளியிலிருந்து வருகிற பிள்ளைகள் ஏன் கோயில் தரையைத் துடைப்பதில்லை என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முட்டி தோல் உரிந்து, மேலே பொருக்குத் தட்டி, அது காய்வதற்குள் மறுபடி உரியும். நான் பேசாமல் இருந்ததால் எனக்கு "நல்ல பிள்ளை" என்று பெயர். "பாரு, உன் ஊர்க்காரிதானே இவளும்?" என்று என்னைக் காட்டி அவளுக்குச் சொல்வார்கள். அப்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கவே மாட்டாள்.

அந்த வருடக் கடைசியில், கோடை லீவில் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தபோது அவள் மணிக்கட்டில் மஞ்சள் நூல் இருந்தது. பூசாரி கட்டியது, அவர்தான் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பள்ளியில் கயிறு, கண்ணாடி வளையல், கலர் ரிப்பன் எதுவும் கூடாது. யாருக்கும் கூடாது, சிலுவைக் கயிறுகூடக் கூடாது. சிஸ்டர் செலின் திட்டவில்லை. மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டி, "நீயே வெட்டிக்கோம்மா" என்றார். நான் ஷோபனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"சரிங்க சிஸ்டர்" என்றாள்.

அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவள் வெட்டினாள். பிறகு ஒரு மாதம், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊர்ச் சாமியைப் பற்றி அந்தச் சுவருக்குள் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்விகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. முட்டி ஆறியது. மதிப்பெண் ஏறியது.

நான் ஏழாவதோடு நின்றேன். அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது, எஸ்டேட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு திங்கட்கிழமை என்னை அனுப்பவில்லை, அத்தோடு என் படிப்பு முடிந்தது. ஷோபனா மட்டும் தொடர்ந்தாள். விடுமுறையில் வரும்போது ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். "நம்ம ரேடியோவுக்கு பேட்டரி தீந்துபோச்சு" என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். வசந்தி அத்தைக்குப் பெருமை. "படிச்ச பொண்ணு அப்படித்தான் அடக்கமா இருக்கும்" என்பார்.

பத்தாவது படிக்கும்போது அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். நர்ஸ் ஆக வேண்டும். சும்மா சொல்லவில்லை, வழியும் தெரிந்து வைத்திருந்தாள். மலைக்குக் கீழே, வாணியம்பாடியைத் தாண்டி அதே சிஸ்டர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. மலையிலிருந்து வருடத்துக்கு ஒரு பெண்ணை அங்கே எடுத்து, பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்து, அதன் பிறகு நர்சிங்கிலும் அவர்களே சேர்த்துவிடுவார்கள். சாப்பாடு, துணிமணி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் மலைப் பெண்கள் ஒரு மாதத்தில் அழுதுகொண்டு ஊருக்கு ஓடிவிடுகிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. அதனால் மே மாதத்தில் கூப்பிட்டு, ஒரு பரீட்சை வைத்து, மூன்று இரவு அங்கேயே தங்கவைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த வருடம் சிஸ்டர் செலின் எழுதி அனுப்பிய முதல் பெயர் ஷோபனா. இரண்டாவது பெயர் அபிநயா, புதூர்நாட்டுப் பெண்.

அந்த மூன்று நாளும் எங்கள் ஊர்த் திருவிழா வாரத்திலேயே வந்து விழுந்தன.

எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவது என்றால், எல்லையில் வழிக்குக் குறுக்கே வேப்பிலையும் மஞ்சளும் கோத்த கயிற்றைக் கட்டி மேளம் அடிப்பார்கள். அந்த நேரத்தில் யாரெல்லாம் ஊருக்குள் இருக்கிறார்களோ அவர்கள் காப்பு அவிழ்க்கும் வரை வேறு எங்கும் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். கட்டும்போது வெளியூரில் இருப்பவர்களை இது சேராது. அதனால்தான் எஸ்டேட்டில் வேலை உள்ளவர்கள் காப்புக்கு முதல் நாளே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஷோபனாவின் அப்பா சிங்காரம் மாமாவுக்கு இது தெரியாதா? பத்தாவது பரீட்சை முடிந்ததும் அவளை ஊருக்கு அழைத்து வரவேயில்லை. கீழே போகப்போகிற இரண்டு பெண்களுக்கும் சிஸ்டர் செலின் விடுதியிலேயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கதவுக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"வர்ற வெள்ளிக்கெழம காப்பு. நீ ஊருப் பக்கமே வராத. இங்கருந்தே நேரா கீழ போய்டு. சாமி எங்கயும் போவாது, அடுத்த வருசம் பாத்துக்கலாம். புரிஞ்சுதா?"

"சரிப்பா."

"சிஸ்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம்ப்பா. நூலக் கண்டாலே அவங்களுக்குப் புடிக்காது. நான் இங்கதான இருக்கேன், சொல்றதுக்கு இன்னா இருக்கு?"

மாமாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது.

வெள்ளிக்கிழமை மாலை. பந்தலில் குருத்தோலை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து ஜீப் ஒன்று இறங்கி வந்தது. பள்ளிக்கூடத்து ஜீப். முன்சீட்டில் சிஸ்டர் செலின், பின்னால் ஷோபனா. சிஸ்டர் இறங்கும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் பெரிய பிஸ்கட் பொட்டலம்.

"இன்னா சிங்காரம், ஊர்ல திருவிழாவாம், எங்க டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியுது! பொண்ணு பாவம், கேக்கவே இல்ல. மூஞ்சப் பாத்தேன், மனசு கேக்கல. இன்னிக்கு ஒரு ராத்திரி அம்மாகூட இருக்கட்டும். கீழ போறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன்."

மாமா கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். அவர் பார்வை ஷோபனாவிடம் போனது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். வழி முழுக்க ஜீப்பில் உட்கார்ந்து வந்தவள், சிஸ்டர், இன்றைக்கு நான் போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அதைப் பிறகு அவளிடம் கேட்டேன். "கெளம்புன்னு சொன்னாங்க. சரிங்க சிஸ்டர்னேன். அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?" என்றாள்.

"சிஸ்டர்," என்றார் மாமா, "பொண்ண நீங்களே திருப்பி இட்னு போய்டுங்க."

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏன், ஒரு வேளச் சோறு போட மாட்டீங்களா?"

"அதுக்கு இல்லீங்க. வந்து... காப்பு..."

"காபியெல்லாம் வேணாம்ப்பா, இருட்டறதுக்குள்ள நான் போகணும். செக்போஸ்ட்ல மறிச்சிடுவாங்க" என்று பிஸ்கட்டை வசந்தி அத்தையின் கையில் திணித்துவிட்டு, ஷோபனாவின் தலையைத் தடவிவிட்டு, ஏறிவிட்டார். மாமா ஜீப்புக்குப் பின்னால் நாலு எட்டு நடந்தார். ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. சிஸ்டரைக் கூவிக் கூப்பிடுவது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

இன்னும் மேளம் அடிக்கவில்லை. எல்லையைத் தாண்டி, ஓடைக்கு அந்தப்பக்கம் மாமாவின் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே போய்விட்டால் போதும். பந்தலில் ஓலை கட்டிக்கொண்டிருந்த அன்பரசனின் பைக்கைக் கேட்டார். அது பூ வாங்கப் போயிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு, வயல் வரப்பில் இறங்கினார். நான் அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க எல்லைக்குப் போனபோது, ஊர் முறையைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்கவுண்டர் கருப்பனும் நாலைந்து பேரும் கயிற்றோடு நின்றிருந்தார்கள். கற்பூரத் தட்டு தயாராக இருந்தது.

"வாய்யா சிங்காரம்! ஆளக் காணமேன்னு பாத்தேன். இந்தா, இந்தத் தலைப்பப் புடி" என்று கருப்பன் கயிற்றின் ஒரு முனையை நீட்டினார்.

அந்தக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஓடை தெரிந்தது. மாமா ஒரு நிமிடம் நின்றார். கற்பூரம் எரிய ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். மேளம் அடித்தது. மகள் உள்பக்கம் நிற்க, அவர் கையாலேயே அந்த முடிச்சைப் போட்டார்.

மறுநாள் காலையில் கருப்பன் வீட்டுக்குப் போனோம். அவர் பல் குச்சியைத் துப்பிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"மாமா, மூணு ராத்திரி. அது ஒண்ணுதான். பொண்ணோட படிப்பே அதுல கீது" என்றார் சிங்காரம் மாமா.

"நான் வுட்ருவேன்யா. போய்ட்டு வான்னு இப்பவே சொல்லிடுவேன். நாளைக்கி எவன் வூட்லயாச்சும் மாடு செத்துப்போச்சுன்னு வை, எவ பேரச் சொல்லுவாங்க? உன் பொண்ணு பேரத்தான். அப்புறம் அவளுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"அவ நர்சா ஆவப்போறா மாமா."

"நர்சு ஊசிதான் போடுவா. ஊர் வாயத் தைக்க முடியுமா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "மேளம் அடிக்கறதுக்கு முன்னாடி கூட்டிப் போவாம, கயித்தையும் புடிச்சிட்டு இப்ப வந்து நிக்கிறாரு பாரு!"

கடைசியில் கருப்பன் ஒரு வழி சொன்னார். பகலில் போகலாம். பரீட்சை எழுதட்டும். விளக்கு வைப்பதற்குள் கயிற்றுக்கு உள்ளே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு இரவு கழித்துக் காப்பு அவிழ்த்ததும் மறுபடி போய்த் தங்கட்டும். கேட்கும்போது அது நியாயமாகத்தான் இருந்தது.

சிஸ்டர் செலினிடம் போனில் சொல்லப் பார்த்தோம். எங்கள் ஊரில் டவர் கிடையாது. மேட்டில் ஏறி நின்று மாமா பேசினார். "தங்க முடியாதுங்க சிஸ்டர், நாங்களே இட்னு போறோம்" என்பது வரைக்கும் போனது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது. நாங்களே அழைத்துப் போகிறோம் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் அபிநயாவை மட்டும் கூட்டிக்கொண்டு முன்னாலேயே கீழே இறங்கி, அவளை விட்டுவிட்டு வேலையாகத் திரும்பிவிட்டார்.

அத்தைக்கு முளைப்பாரி இருந்ததால் மாமாவோடு துணைக்கு நான் போனேன். பரீட்சை நாளன்று விடியும் முன்பே ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய், திருப்பத்தூரில் பஸ் மாறி, வாணியம்பாடியில் இன்னொன்று மாறிப் போனோம். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் ஷோபனா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மூன்று மாடி, பெரிய மைதானம், நிழலுக்கு வரிசையாகப் புங்கமரங்கள். பரீட்சை அறைக்குள் போனவள் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து வெளியே வந்தாள்.

"எப்படிடீ?"

"எல்லாம் வந்துச்சு, தேவி. எல்லாமே வந்துச்சு." ரொம்ப வருடத்துக்குப் பிறகு அவள் குரல் பழைய மாதிரி உயர்ந்து கேட்டது. அங்கே நின்றிருந்த ஒரு சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். உடனே குரல் இறங்கிவிட்டது.

மதியம் பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் படுக்கும் அறையைக் காட்டினார்கள். எல்லோர் காலடியிலும் ஒரு பை. ஷோபனாவின் காலடியில் ஒன்றும் இல்லை. தலைமை சிஸ்டர் உயரமானவர், கண்ணாடி போட்டிருந்தார். சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"உன் பை எங்கேம்மா?"

ஷோபனா அப்பாவைப் பார்த்தாள். மாமா முன்னால் வந்தார்.

"ஊர்ல காப்புக் கட்டியிருக்குங்க. ராத்திரி தங்கக் கூடாதுங்க. ரெண்டு நாள் போனதும் இட்னு வந்து வுட்டுடறேங்க."

"எல்லாருக்கும் இந்த மூணு நாள்தான். உங்க சாமிய வேண்டாம்னு நாங்க சொல்லலையே. இங்க பிளஸ் டூ ரெண்டு வருஷம், நர்சிங் அதுக்கு மேல. வருஷா வருஷம் இந்தத் திருவிழா வரும் இல்லியா? முத ராத்திரியே தங்க முடியாதுன்னா எப்படி?"

"வருசா வருசம் காப்புக்கு முன்னாடியே வந்துடுவாங்க. இந்த வாட்டி மட்டும்..." என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். ஜீப், பிஸ்கட், ஓடை, கயிறு என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். எனக்கே பாதி புரியவில்லை. சிஸ்டர் செலின் மேல் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று நடுநடுவில் அவரைப் புகழ்ந்தார். தலைமை சிஸ்டர் கை காட்டி நிறுத்தினார்.

"நான் பொண்ணுகிட்டயே கேக்கறேன். ஷோபனா, நீ சொல்லு. உனக்கு இங்க படிக்க ஆசையா?"

"சரிங்க சிஸ்டர்."

"அப்போ இன்னிக்குத் தங்கறியா?"

அவள் மறுபடி அப்பாவைப் பார்த்தாள். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டால் வெளிச்சத்தில் ஊர் போய்ச் சேர முடியாது.

"இல்ல, அப்பாகூடப் போறியா?"

"சரிங்க சிஸ்டர்."

தலைமை சிஸ்டர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். சிஸ்டர் நம்மை வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நிறுத்தினார்.

கயிற்றுக்குள் நாங்கள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கருப்பன் எல்லையிலேயே காத்திருந்தார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியே" என்று மாமாவின் தோளைத் தட்டினார். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பி மகன் கோகுலகிருஷ்ணன் பைக்கை உதைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுவதும் அவன் தினமும் அந்த நேரத்தில் ஆலங்காயத்துக்கு பிராந்திக்குப் போய், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடும் எதுவும் சாகவில்லை. இதை நான் ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். "ஆம்பள இல்லியா" என்றார்.

அபிநயாவை எடுத்துக்கொண்டார்கள். அவள் ஆடி மாதத்துக்குள் அழுதுகொண்டு புதூர்நாட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அதற்குள் அட்மிஷன் எல்லாம் முடிந்திருந்தது. அந்த வருடம் மலைக்கு என்று வைத்திருந்த இடத்தில் யாருமே படிக்கவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, காப்பு அவிழ்த்த வாரத்திலேயே, சிஸ்டர் செலின் விஷயம் தெரிந்து ஊருக்கு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பலாமரத்துக்குக் கீழே நாற்காலி போட்டோம், உட்காரவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா ஷோபனா? வேணாம் சிஸ்டர், இன்னிக்கு நான் போகக் கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்த. நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்?"

ஷோபனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேசும்மா. வாய் இல்லியா உனக்கு?"

வசந்தி அத்தைதான் பேசினார். முளைப்பாரிக்குப் பாடிய தொண்டை, கரகரப்பாக இருந்தது. "வாய் இருந்துச்சுங்க. உங்ககிட்ட வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

சிஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த வருடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அடுத்த வருடத்துக்குள் அவரை ஒடிசாப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கு ஷோபனாவைத் தெரியாது.

பத்தாவது ரிசல்ட் வந்தபோது அந்தப் பள்ளியில் அவள்தான் முதல். சொல்லவும் யாரும் இல்லை, மிட்டாய் கொடுக்கவும் யாரும் இல்லை. ஜமுனாமரத்தூர் கவர்மென்ட் பள்ளியில் சேர்த்திருக்கலாம். தனியாகப் பஸ்ஸில் போய்வர வேண்டும், சுவர் இல்லை என்று மாமா பயந்தார். இந்த வருடம் போகட்டும் என்று ஒரு வருடம் போனது. பிறகு எஸ்டேட்டுக்குப் போனாள், இரண்டு சீசன் காபி பறித்தாள். அங்கே பழக்கமான கலையரசனோடு கல்யாணம் ஆயிற்று. நல்லவன்தான். ஜீப் ஓட்டுகிறான்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று இன்றுவரை தெரியவில்லை. சிஸ்டர் ஆசையாகத்தான் கொண்டுவந்து விட்டார். மாமா தெரிந்துதான் அவளை வரவேண்டாம் என்றார். கருப்பன் தன் முறைக்கு ஒரு வழியும் சொன்னார். கண்ணாடி போட்ட சிஸ்டர் அவளிடமே கேட்டார். ஒவ்வொருவரும் அவரவர் பக்கத்தில் சரியாகத்தான் நடந்தார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

ஷோபனா இப்போது எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டு, முகம் கழுவிவிட்டு, தூங்கவைக்கிறாள். டீச்சராகப் பன்னிரண்டாவது வேண்டும் என்கிறார்கள். தனித்தேர்வு எழுத ஒரு தடவை புத்தகம் வாங்கினாள், அப்போது மகள் வயிற்றில் இருந்தாள். இன்னொரு தடவை சாமை அறுப்பில் போயிற்று. மகள் நிவேதாவுக்கு நாலு வயது. அவளை சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்கிறான் கலையரசன். ஷோபனா இன்னும் பதில் சொல்லவில்லை. காப்பு முறை எங்கள் ஊரில் அப்படியே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளை அதிலிருந்து விட்டுவிடலாமா என்று இரண்டு வருடமாகப் பேசுகிறார்கள், முடிவாகவில்லை. சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும்தான் இன்னமும். கீழே உள்ள பெரிய பள்ளியில் மலைப் பெண்ணுக்கான அந்த ஒரு இடத்தை எடுத்துவிட்டார்கள்.